கடைசிப் பக்கத்து நாவலாசிரியர்கள்

எல் பாயிஸ் நாளிதழைப் பின்னாலிருந்து புரட்டுகிறவர்கள் ஸ்பெயினில் உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பத்தி ஓடும். மேலே ஒரு பெயர் இருக்கும். அது பெரும்பாலும் ஒரு நாவலாசிரியரின் பெயராக இருக்கும். வாசகருக்குக் கிழமைக் கணக்கு மனப்பாடம்: ஞாயிறு என்றால் மனுவேல் விசென்ட், வெள்ளி என்றால் ஹுவான் ஹோசே மில்யாஸ். திங்கட்கிழமை 2003 அக்டோபரில் பாங்காக் விமான நிலையத்தில் இறந்துபோகும்வரை மனுவேல் வாஸ்கெஸ் மொந்தால்பானுக்குச் சொந்தமாக இருந்தது. 2008 முதல் அல்முதேனா கிராந்தெஸ் அந்த நாளில் எழுதினார்.

எழுத்தாளர்கள் பத்திரிகையில் எழுதுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஸ்பெயினில் அது தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. 'சானெட்' என்ற பதினான்கு வரிக் கவிதை வடிவத்தோடு பத்தியை ஒப்பிட்டார் நாவலாசிரியர் பிரான்சிஸ்கோ உம்ப்ரால். அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது, அதற்குள் ஆடிக் காட்டு என்பதுதான் சவால். எழுதுகிறவர் நாவலாசிரியர் என்பதால் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பத்தியில் பேசும் 'நான்' பெரும்பாலும் அவர் உருவாக்கிய ஒரு பாத்திரம். இந்த வகையின் பலமும் வம்பும் இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன.

இதைத் தொடங்கிவைத்தவர் மரியானோ ஹோசே தெ லார்ரா. 'ஃபிகாரோ' என்ற புனைபெயரில் எழுதியவர். 1837 பிப்ரவரி 13 அன்று, 27 வயதில், தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். 1833-இல் அவர் எழுதிய 'நாளைக்கு வாருங்கள்' கட்டுரையை அரசு அலுவலகத்துக்கு அலைந்த யாரும் எந்த மொழியிலும் புரிந்துகொள்வார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் பதினைந்தே நாளில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று மத்ரீத் வருகிறார். போகுமிடமெல்லாம் 'நாளைக்கு வாருங்கள்'. ஆறு மாதம் ஓடிவிடுகிறது. இதுவரை சாதாரண நையாண்டிதான். கடைசியில் லார்ரா கத்தியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார்: நானும் படு சோம்பேறிதான், இந்தக் கட்டுரையையே பல நாளாகத் தள்ளிப்போட்டு இப்போதுதான் எழுதுகிறேன் என்று. ஊரைத் திட்டுகிறவன் ஊரில் ஒருவனாக மாட்டிக்கொள்ளும் அந்தத் திருப்பத்தை ஸ்பானியப் பத்தி இன்றுவரை விடவில்லை.

சர்வாதிகாரி பிராங்கோ செத்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 1976 மே 4 அன்று எல் பாயிஸ் தொடங்கியது. 1989 அக்டோபரில் எல் முந்தோ வந்தது. பழைய ஏபிசி நாளிதழும் இருந்தது. மூன்றும் வாசகரைப் பிடிக்க எழுத்தாளர் பெயர்களை நம்பின. உம்ப்ரால் எல் பாயிஸில் எழுதிப் பெயர் வாங்கிவிட்டு, பின்னாளில் எல் முந்தோவின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். 2007 ஆகஸ்டில் இறக்கும்வரை அங்கேதான் எழுதினார். இவ்வளவுக்கும் ஸ்பானிய இலக்கியத்தின் உச்ச கௌரவமான செர்வாந்தெஸ் விருது 2000-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்திருந்தது. விருது கிடைத்த பிறகும் தினசரிப் பத்தியை அவர் விடவில்லை.

பத்தியின் வடிவத்தை முதலில் முடிவுசெய்வது இடம்தான். இரண்டு அளவுகள் உண்டு. நாளிதழின் கடைசிப் பக்கத்துப் பத்தி ஏறக்குறைய முந்நூறு, முந்நூற்றைம்பது சொல். ஞாயிறு இணைப்பின் பத்தி ஒரு முழுப் பக்கம், ஏறக்குறைய தொள்ளாயிரம் சொல். மூன்று மடங்கு நீளம் என்று இதைக் கணக்குப் போடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு வாகனம். முந்நூறில் ஒரே ஒரு பொருளைத் திருப்பிக் காட்டலாம். வாதம் செய்ய இடமில்லை. தொள்ளாயிரத்தில் வாதம் செய்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும்.

சின்ன அளவின் ஆசான் மில்யாஸ். 1946-இல் வலென்சியாவில் பிறந்தவர். பத்தி என்பதற்கான 'ஆர்த்திகுலோ', கதை என்பதற்கான 'குவெந்தோ' இரண்டையும் ஒட்டி 'ஆர்த்திகுவெந்தோ' என்று தன் சரக்குக்குப் பெயர் வைத்தார். பத்திக்கதை என்று வைத்துக்கொள்ளலாம். 2001-இல் அதே தலைப்பில் புத்தகம் வந்தது, 2011-இல் முழுத் தொகுப்பு. அவருடைய முறையைத் தமிழில் செய்துபார்த்தால்தான் அதன் சூட்சுமம் பிடிபடும்.

'தூக்கம் வரவில்லை' என்கிறோம். வரவில்லை என்றால் வேறெங்கோ போயிருக்கிறது. இதுதான் விதை. முதல் நாற்பது சொல்லில் விசித்திரம் எதுவும் இருக்கக் கூடாது: மணி இரண்டரை, ஃபேன் சத்தம், பக்கத்தில் மனைவி குறட்டை. அடுத்த ஐம்பதில் மரபுத்தொடரை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும்: என் தூக்கம் எதிர்வீட்டுக்காரரிடம் போய்விட்டது, அவருக்கு இரண்டு பங்கு கிடைத்திருக்கிறது. பிறகு நூற்றைம்பது, நூற்றெண்பது சொல்லுக்கு ஒரு குமாஸ்தாவின் கறார்த்தனம் வேண்டும். எதிர்வீட்டுக்காரர் காலையில் அலாரம் கேட்காமல் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் பிடித்தார்கள், நஷ்டஈடு யார் தருவது? கடைசி முப்பது, நாற்பது சொல்லில் அன்றைய செய்தித்தாளுக்குள் இறங்கிவிட வேண்டும்: மூன்று ஷிஃப்ட் வேலை, வீட்டுக்கடன் தவணை, ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் தின்னும் பொருளாதாரம். அதைப் பெயர் சொல்லாமல் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவது.

இதில் தவறுவது மூன்று இடத்தில். முதல் தவறு, இரண்டாவது விசித்திரத்தை உள்ளே விடுவது. தூக்கமும் போய், நிழலும் போய், கண்ணாடியில் உருவமும் போய் என்று அடுக்கினால் எதுவும் நம்பும்படி இருக்காது. ஒரு பத்திக்கு ஒரு பொய்தான் கணக்கு. இரண்டாவது, விளக்குவது. 'அதாவது இது உண்மையில்…' என்று ஆரம்பித்த நொடியே கதை கட்டுரையாகிவிடும். மூன்றாவது, சொல்பவன் ஆச்சரியப்படுவது. அவன் சாதாரணமாக எடுத்துக்கொண்டால்தான் வாசகருக்கு ஆச்சரியம் மிஞ்சும். மில்யாஸே சில வாரங்களில் கடைசி வரியில் சற்று அதிகமாகக் கண்சிமிட்டிவிடுவார். வெள்ளி தவறாமல் எழுதினால் அது நடக்கத்தான் செய்யும்.

விசென்ட்டின் ஞாயிறுப் பத்தி அதே அளவுதான், ஆனால் உள்ளே கதை இருக்காது. பாரா பிரிக்காமல் ஒரே ஓட்டமாக ஓடும். வினைச்சொல்லைவிடப் பெயர்ச்சொல் அதிகம்: உப்பு, ஆரஞ்சு, படகு, மத்தியதரைக் கடல் வெயில். மூக்கும் நாக்கும் முதலில் வேலை செய்யும், அரசியல் கடைசியில் வந்து உட்காரும். அவருக்கு ஒரு வருடாந்தர வழக்கமும் உண்டு. மே மாதம் மத்ரீதில் சான் இசித்ரோ காளைச்சண்டைத் திருவிழா தொடங்கும் சமயத்தில் அதற்கு எதிராக ஒரு பத்தி எழுதுவார். ரசிகர்கள் அதைத் திட்டுவதற்காகவே காத்திருந்து படித்தார்கள். ஒரே பொருளில் ஆண்டுக்கு ஒன்று என்று எழுதி எழுதி அதுவே 2001-இல் 'ஆந்தித்தௌரோமாக்கியா' என்று ஒரு புத்தகமானது. அலுக்காமல் அதே விஷயத்தை எழுதுவது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டியது அது. வாதம் மாறவில்லை, ஒவ்வொரு முறையும் பார்க்கும் இடம்தான் மாறுகிறது.

உம்ப்ராலின் சாமர்த்தியம் அச்சுக்கோப்பில் இருந்தது. பத்தியில் வரும் ஆட்களின் பெயர்களைத் தடித்த எழுத்தில் போடுவார். மந்திரி, நடிகை, கவிஞர், வங்கிக்காரர் எல்லோரும் ஒரே கறுப்பில். பக்கத்தைத் தூரத்தில் பிடித்தாலே இன்று யார் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இலக்கியத் தந்திரமும் வியாபாரத் தந்திரமும் சேர்ந்த வேலை. கெட்டுப்போவதும் அங்கேதான். நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தடித்த பெயர்களில் பாதி யாரென்று ஸ்பானியர்களுக்கே தெரியவில்லை. வாக்கியத்தின் தாளம் மட்டும் இன்னும் நிற்கிறது.

இனி பெரிய அளவு. இங்கே அளவைவிட முக்கியமான கட்டுப்பாடு ஒன்று உண்டு: வண்ண இணைப்பு முன்கூட்டியே அச்சாகிவிடும். ஞாயிறு வரவேண்டிய பத்தியை ஒரு வாரத்துக்கும் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை நடந்ததைப் பற்றி எழுதினால் அது வாசகர் கையில் சேரும்போது ஆறிப்போன காபி. அதனால்தான் இந்தப் பத்திகளில் 'இதை எழுதும் நேரத்தில்' என்ற சொற்றொடர் அடிக்கடி வருகிறது. கெட்டிக்காரர்கள் செய்தியை விட்டுவிட்டு எரிச்சலை எழுதினார்கள். எரிச்சல் பத்து நாளில் பழசாகாது.

ஹாவியேர் மரியாஸ் இதில் கொடிகட்டிப் பறந்தார். 1994 முதல் எல் செமனால் என்ற வார இணைப்பில் எழுதினார். அதே இதழில் அர்த்தூரோ பெரெஸ்-ரெவெர்த்தேவும் எழுதிக்கொண்டிருந்தார். 2002 கடைசியில் கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றிய மரியாஸின் ஒரு பத்தியைப் பத்திரிகை போட மறுத்தது, அவர் வெளியேறினார். 2003 பிப்ரவரியில் எல் பாயிஸின் ஞாயிறு இணைப்பான எல் பாயிஸ் செமனாலில் 'லா சோனா ஃபந்தாஸ்மா' தொடங்கியது. சூப்பர்மேன் கதைகளில் குற்றவாளிகளை நாடுகடத்தும் மாய வெளிக்கு ஸ்பானியத்தில் இதுதான் பெயர். 2022-இல் இறக்கும்வரை அதை எழுதினார். கணினியைத் தொடாதவர், கடைசிவரை மின் தட்டச்சுப் பொறிதான்.

அவருடைய நாவலையும் பத்தியையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே ஆள்தானா என்று தோன்றும். நாவலில் வாக்கியம் பக்கக்கணக்கில் நீளும். ஒன்றைச் சொல்லி, 'அல்லது' என்று திருத்தி, அதையும் சந்தேகப்பட்டு நகரும். பத்தியில் சந்தேகமே கிடையாது. மத்ரீத் மேயர் தெருவைத் தோண்டுவது, ஈஸ்டர் ஊர்வலங்கள் நடைபாதையை அடைப்பது, சிகரெட் தடை, தப்புத் தப்பாக ஸ்பானியம் எழுதுவது என்று எல்லாவற்றின் மீதும் தீர்ப்பு. பத்தியை எழுதுபவன் குடிமகன், நாவலை எழுதுபவன் வேறு ஆள் என்று அவரே பிரித்து வைத்திருந்தார். எனக்கு அந்தப் பிரிவினையில் முழு நம்பிக்கை இல்லை. அந்த முசுட்டுக் குடிமகனும் நன்றாகச் செதுக்கிய பாத்திரம்தான். ஆனால் இருபது ஆண்டு ஒரே முகமூடியைப் போட்டால் அது தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பிற்காலப் பத்திகளில் நகைச்சுவை குறைந்து புகார் மட்டும் மிஞ்சிய வாரங்கள் அதிகம்.

பெரெஸ்-ரெவெர்த்தேவின் பத்திக்குப் பெயர் 'பாத்தெந்தே தெ கோர்சோ'. கடற்கொள்ளைக்கு அரசன் கொடுக்கும் உரிமப் பத்திரம் என்று பொருள். இஷ்டத்துக்கு நடந்துகொள்ள ஒருவருக்கு இருக்கும் சலுகைக்கும் பேச்சுவழக்கில் இதையே சொல்வார்கள். தலைப்பிலேயே பாத்திரம் தயார். 21 ஆண்டு போர்முனைச் செய்தியாளராக இருந்தவர் என்பதால் வசவுகூட அனுபவத்தின் எடையோடு விழும். மாலுமிக் கொச்சையும் பதினேழாம் நூற்றாண்டுச் சொற்களும் ஒரே வரியில் உட்காரும். ஸ்பெயினின் வரலாற்றையே இந்தப் பத்தியில் துண்டு துண்டாகப் பல ஆண்டுகள் எழுதி 2019-இல் புத்தகமாக்கினார். அதை வாரம் ஒரு துண்டாகப் படித்தபோது இருந்த சுவை ஒரே மூச்சில் படிக்கும்போது இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு குத்து வசனத்தில் முடிகிறது. ஏழு நாள் இடைவெளியில் அது பழுதில்லை, ஏழு நிமிட இடைவெளியில் காது வலிக்கிறது. பத்தியைத் தொகுப்பாக்கும்போது வரும் வழக்கமான சிக்கல் இது. பதிப்பாசிரியர்கள் கடைசி வரிகளை வெட்டத் துணிந்தால் பாதி தீரும்; யாரும் துணிவதில்லை.

எல்விரா லிந்தோ இந்த 'நான்' விளையாட்டை இன்னும் துணிச்சலாக ஆடினார். 2000-இல் எல் பாயிஸில் தொடங்கிய அவருடைய கோடைக்காலப் பத்திக்கு 'திந்தோ தெ வெரானோ' என்று பெயர். சிவப்பு ஒயினில் சோடா கலந்து குடிக்கும் வெயில்கால பானம். அதில் வரும் 'நான்' அரட்டையும் ஷாப்பிங்கும் தவிர வேறறியாத ஒரு மனைவி. கணவன் பெயர் சொல்லப்படாது, 'என் சாமி' என்பதுபோல 'மி சாந்தோ' மட்டும்தான். அந்தச் சாமி நிஜ வாழ்க்கையில் அந்தோனியோ முன்யோஸ் மொலீனா, நாட்டின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர், ஸ்பானிய மொழிக்கான ராயல் அகாதமியின் உறுப்பினர். மகா சீரியஸான எழுத்தாளர் ஒருவர் மனைவியின் பத்தியில் நகைச்சுவைப் பாத்திரமாக உலவினார்.

அந்த முன்யோஸ் மொலீனா வந்த வழியே பத்திதான். கிரனாதா மாநகராட்சியில் ஊழியராக இருந்துகொண்டு உள்ளூர் நாளிதழில் எழுதிய பத்திகளை 1984-இல் 'எல் ரோபின்சோன் உர்பானோ' என்று தானே அச்சடித்தார். அதைப் படித்த கவிஞர் பெரே ஜிம்ஃபெரேர் நாவல் இருக்கிறதா என்று கேட்டார். 1986-இல் முதல் நாவல் வந்தது.

பத்தி நாவலாவதற்கு இதைவிட நேரடியான சான்று ஹாவியேர் செர்காஸ். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ இறந்து அறுபது ஆண்டு ஆனதை ஒட்டி 1999-இல் எல் பாயிஸின் கத்தலோனியப் பதிப்பில் ஒரு பத்தி எழுதினார். விஷயம் இரண்டு நிகழ்ச்சிகள்தான். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் மச்சாதோ தாயோடும் தம்பி ஹோசேவோடும் எல்லை தாண்டி பிரான்சின் கொலியூர் போய்ச் சேர்ந்து, 1939 பிப்ரவரி 22 அன்று இறந்தார். மூத்த அண்ணன் மனுவேல் பிராங்கோ பக்கம். ஏறக்குறைய அதே நாட்களில், எல்லைக்குச் சற்று இப்பால், பாலாஞ்சே என்ற பாசிசக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான ரஃபாயேல் சாஞ்செஸ் மசாஸை, பிராங்கோவை எதிர்த்த குடியரசுப் படையினர் மற்ற கைதிகளோடு சுட நிறுத்தினார்கள். அவர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார். தேடிவந்த ஒரு வீரன் அவரைக் கண்டான், கண்ணோடு கண் பார்த்தான், இங்கே யாருமில்லை என்று கத்திவிட்டுப் போய்விட்டான்.

செர்காஸ் இரண்டையும் அருகருகே வைத்தார், அவ்வளவுதான். இரு பக்கத்திலும் ஒரு எழுத்தாளன், இரு பக்கத்திலும் யாரும் சாட்சி சொல்லாத ஒரு கணம். சின்ன இடத்தில் வாதம் செய்ய முடியாதபோது, அருகில் வைப்பதே வாதமாகிவிடுகிறது. 2001-இல் வந்த 'சலமீனாவின் வீரர்கள்' நாவலில் அந்தப் பத்தி அப்படியே, முழுதாக இருக்கிறது. பத்தி வெளியானதும் வந்த வாசகர் கடிதங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கதை நகர்கிறது. நாவலின் கதைசொல்லிக்கும் ஹாவியேர் செர்காஸ் என்றே பெயர். அவன் தோற்றுப்போன நாவலாசிரியன், பத்திரிகைக்காரன். நிஜ செர்காஸ் அப்போது ஹிரோனா பல்கலைக்கழகத்தில் இலக்கிய ஆசிரியர். பத்தியில் இருந்த 'நான்' ஒரே தாவலில் பாத்திரமாகிவிட்டது. அந்த நாவலைப் பெரிய வட்டத்துக்குக் கொண்டுசென்றதும் இன்னொரு பத்திதான்: மாரியோ வார்காஸ் யோசா 2001 செப்டம்பரில் எல் பாயிஸில் எழுதிய பாராட்டு.

இப்படிப் பொய்யும் மெய்யும் கலக்கும் இடத்தில் ஒருநாள் அடி விழத்தானே செய்யும்? 2011-இல் விழுந்தது. அந்த ஜனவரியில் மதுக்கடைகளுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. 'தொன் கிஹோத்தே' (டான் குயிக்சாட்) நாவலின் புகழ்பெற்ற பதிப்பாசிரியர் பிரான்சிஸ்கோ ரிக்கோ தடையைக் கண்டித்து எல் பாயிஸில் எழுதினார். பின்குறிப்பாக, வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை என்று சேர்த்தார். அவர் விடாமல் புகைப்பவர் என்பது ஊருக்கே தெரியும். வாசகர்கள் கொதித்தார்கள். செர்காஸ் தன் பத்தியில் ரிக்கோவுக்கு வக்காலத்து வாங்கினார். உடனே எல் முந்தோவில் பத்திரிகையாளர் அர்காதி எஸ்பாதா ஒரு காரியம் செய்தார்: விபச்சார விடுதிச் சோதனையில் செர்காஸ் பிடிபட்டதாக, முழுக்கப் புனைந்த ஒரு செய்தியைத் தன் பத்தியில் எழுதினார். பத்திரிகையில் புனையலாம் என்றால் இதையும் புனையலாமே என்பது அவர் கேட்ட கேள்வி.

எஸ்பாதா செய்தது அநியாயம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேவைப்பட்டது. வேறுபாடு வாசகரிடம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. என் தூக்கம் எதிர்வீட்டுக்குப் போனது என்று மில்யாஸ் பாணியில் எழுதினால் யாரும் ஏமாறுவதில்லை. லிந்தோவின் மனைவிப் பாத்திரம் கேலியென்று மூன்றாவது வரியில் தெரிந்துவிடும். ரிக்கோவின் பின்குறிப்பு, சட்டத்தைப் பற்றிய வாதத்துக்குச் சாட்சியமாக வந்து உட்கார்ந்தது. அவரை அறிந்தவர்களுக்கு நகைச்சுவை, அறியாதவர்களுக்குப் பொய். கடைசிப் பக்கத்தை எல்லோரும்தான் படிக்கிறார்கள்.

2016-இல் அரசியல் அறிவியலாளர் இக்னாசியோ சாஞ்செஸ்-குவென்கா ஒரு புத்தகமே போட்டுச் சண்டைக்கு வந்தார். நாவல் எழுதிச் சம்பாதித்த மதிப்பை வைத்துக்கொண்டு, தரவைப் பார்க்காமல், தேசியவாதம் முதல் பொருளாதார நெருக்கடிவரை எல்லாவற்றிலும் இவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மரியாஸ், பெரெஸ்-ரெவெர்த்தே, செர்காஸ், முன்யோஸ் மொலீனா எல்லோருக்கும் பங்கு கிடைத்தது. குற்றச்சாட்டில் பாதி சரி. தொள்ளாயிரம் சொல் தரும் ஆபத்து அது: வாதம் செய்யப் போதுமான இடம், ஆதாரம் காட்டப் போதாத இடம். நல்ல உவமை ஒன்று கிடைத்துவிட்டால் புள்ளிவிவரம் தேவையில்லை என்று எழுதுபவருக்குத் தோன்றிவிடும். முந்நூறு சொல்காரர்கள் இதில் தப்பித்தார்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல இடமே இல்லை.

பாத்திரத்தைக் கழற்றி வைத்த பத்தியும் ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் அல்முதேனா கிராந்தெஸ் தனக்குப் புற்றுநோய் இருப்பதை எல் பாயிஸ் செமனால் பத்தியில் எழுதினார். 'திரார் உனா வாய்யா' என்று தலைப்பு. ஓட்டப்பந்தயத்தில் தடைக்கட்டையைத் தட்டிவிடுவது. நவம்பர் 27 அன்று இறந்தார். மத்ரீதில் அடக்கம் செய்தபோது வாசகர்கள் அவருடைய புத்தகங்களை உயரே தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஆங்கிலம் வழியே என்றால் மார்கரெட் ஜல் கோஸ்டா மொழிபெயர்த்து 2017-இல் வந்த மரியாஸின் 'பிட்வீன் எட்டர்னிட்டீஸ்' தொகுப்பு நல்ல வாசல். ஸ்பானியம் கற்பவர்கள் மில்யாஸிலிருந்து தொடங்கலாம்: வாக்கியம் சின்னது, சொல் எளிது, மரபுத்தொடர்கள் இலவசமாக மண்டையில் ஏறும். பெரெஸ்-ரெவெர்த்தேயைக் கடைசிக்கு வையுங்கள், கொச்சை அகராதி இல்லாமல் நகராது.

தமிழில் பெயர்க்கத் துணிகிறவர்களுக்குத் தலைப்புகளே முதல் மல்லுக்கட்டு. செர்காஸின் 'பாலோஸ் தெ சியேகோ' என்பது கண் தெரியாதவர் சுழற்றும் தடியடி, குறி தெரியாமல் முயல்வதற்கான மரபுத்தொடர். 'இருட்டில் விட்ட அம்பு' என்றால் பொருள் வருகிறது, தடி போய்விடுகிறது. முன்யோஸ் மொலீனாவின் 'இதா இ வுவெல்தா' தமிழுக்கென்றே அமைந்த மாதிரி: போக வர, ரயில் டிக்கெட் கேட்பதுபோல. மில்யாஸை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால் செத்துவிடும். அவர் நேர்ப்பொருளில் எடுக்கும் மரபுத்தொடர் தமிழில் இல்லையென்றால் அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது உத்தமம். உம்ப்ராலின் தடித்த பெயர்களைத் தடித்தே விடலாம், அடிக்குறிப்பு போட ஆரம்பித்தால் பத்தியைவிட அது நீளும்.

இந்த வேலையின் சிரமம் மரியாஸுக்குத் தெரியும். லாரன்ஸ் ஸ்டெர்னின் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யை ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்து 1979-இல் தேசிய மொழிபெயர்ப்பு விருது வாங்கியவர் அவர். மேயரையும் ஊர்வலத்தையும் திட்டியே இருபது ஆண்டு ஓட்டிய அந்த முசுட்டுக் குடிமகன், கடைசிப் பத்தியில் யாரையும் திட்ட வரவில்லை. மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி எழுதியிருந்தார்.